கோதுமைக்குச் சாம்பல்சத்தும் வைட்டமின் சியும்



பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அம்மாள் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். வீட்டின் பின்புறத்தில் மிளகாய், கத்தரி, வெண்டை என்று கொஞ்சம் பயிர் வைத்திருக்கிறார். ஒரு நாள் மாலை மோட்டார் சைக்கிளில் விற்பனைக்காரர் ஒருவர் வந்து, ஒரு போத்தலைக் காட்டி, “இது செடிகளுக்கு வைட்டமின், இதில் வைட்டமின் சியும் பொட்டாசியமும் இருக்கின்றன, கோதுமை வயலில் தெளித்துச் சோதித்துப் பார்த்தது, இதைத் தெளித்தால் வேறு உரமே வேண்டாம்” என்று கூறி, 35 வெள்ளி விலை சொல்லியிருக்கிறார். “வாங்கலாமா ஐயா, வேண்டாமா? வாங்கினால் எங்கள் வீட்டுக்காரர் திட்டுவார், வாங்காவிட்டால் என் மனம் கேட்காது” என்று அந்த அம்மாள் கேட்டிருந்தார்.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருந்தார். நான்கு நாட்களுக்கு முன் கடையில் வாங்கிய சிவப்பு உரத்தை மிளகாய்க் கன்றுகளின் அடியில் கைப்பிடி கைப்பிடியாக வைத்தாராம். 8 கன்றுகள் கருகிவிட்டனவாம். கருகிய கன்றுக்கும் அந்தப் போத்தலுக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதை அவர் நினைத்திருக்கமாட்டார். இன்றைய பேச்சில் அதைத்தான் விளக்க எண்ணியுள்ளோம்.

அந்தப் போத்தலை நாம் பார்க்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று நம்மால் சொல்ல முடியாது. ஆனால் கோதுமையைப் பற்றி அவர் சொன்னது முழுக்கக் கட்டுக்கதை அன்று. கோதுமைப் பயிருக்குப் பொட்டாசியமும் வைட்டமின் சியும் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகள் உண்மையிலேயே உள்ளன. பாகிஸ்தான், எகிப்து போன்ற வறண்ட நாடுகளில் நடந்தவை அவை. அவற்றில் கண்டது என்ன, காணாதது என்ன என்று தெரிந்துகொண்டால், போத்தலைப் பற்றிய முடிவை அந்த அம்மாளே எடுத்துக்கொள்வார்.

நம் நாட்டில் கோதுமை விளைவதில்லை. குளிர்ந்த பருவத்தில் முளைத்து வளர்ந்து, வெயில் ஏறும் வேளையில் முற்றும் பயிர் அது. நாம் சப்பாத்திக்கும் ரொட்டி சானாய்க்கும் பிசைகின்ற மாவு, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் கோதுமையை இங்கே அரைத்து எடுப்பதுதான். ஆகவே கோதுமை வயலை நம்மில் பலர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் கோதுமைக்கு இடும் பொட்டாசியம் நமக்குப் புதிதன்று. செம்பனைக்கு உரம் போட்டவர்களுக்கு அந்தச் சிவப்பு உப்பு மூட்டை நன்றாகத் தெரியும். மூட்டையின் மேல் எம்.ஓ.பி. என்று எழுதியிருக்கும். அது பொட்டாசியம் குளோரைடு. அந்தச் சத்து குறைந்தால் செம்பனையின் கீழ் மட்டைகளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றும். வெளிச்சத்திற்கு நேரே மட்டையைப் பிடித்துப் பார்த்தால் புள்ளிகள் பளிச்சென்று தெரியும். ஆலையிலிருந்து திரும்பி வரும் வெற்றுக் குலைகளை மரவரிசைகளுக்கு நடுவே பரப்புகிறார்களே, அதற்கும் முக்கியமான காரணம் அவற்றில் பொட்டாசியம் நிறைய இருப்பதே.

வேளாண்மை நூல்கள் இதனைச் சாம்பல்சத்து என்று கூறும். பெயர் பொருத்தமானது. பழங்காலத்தில் விறகுச் சாம்பலை நீரில் கரைத்து, பானையில் காய்ச்சி எடுத்த உப்புக்கே ஆங்கிலத்தில் ‘பானைச் சாம்பல்’ என்ற பொருளில் பொட்டாஷ் என்று பெயர் வைத்தார்கள். 1807-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேய அறிஞர், உருக்கிய பொட்டாஷில் மின்சாரம் செலுத்தி, வெள்ளிபோல் மின்னும் ஓர் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். அதுவே பொட்டாசியம். நம் பாட்டிமார்கள் பூசணிக் கொடிக்கு அடுப்புச் சாம்பலைத் தூவியபோது இந்தப் பெயரெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. போட்டால் காய் பிடிக்கும் என்பது மட்டும் தெரியும்.

கோதுமைக்கு இந்தச் சத்து என்ன செய்கிறது என்று உலகத்திலேயே நீண்ட நாளாகப் பார்த்து வருகிற இடம் இங்கிலாந்தில் இருக்கிறது. ரோத்தம்ஸ்டெட் என்பது அந்த ஊர். ஜான் பென்னட் லாஸ் என்ற நிலக்கிழாரும் ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற ரசாயன அறிஞரும் 1843-இல் அங்கே பிராட்பால்க் என்ற வயலில் கோதுமைச் சோதனையைத் தொடங்கினார்கள். இன்றைக்கும் அந்த வயலில் கோதுமை விதைக்கிறார்கள். வயலை நீண்ட துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டுக்கு எந்த உரமும் இடாமல் விட்டார்கள்; ஒன்றுக்கு மாட்டுத் தொழுவுரம்; மற்றவற்றுக்குத் தழைச்சத்து மட்டும், தழைச்சத்தோடு மணிச்சத்து, இவற்றோடு சாம்பல்சத்தும் சேர்த்து என்று வகைவகையாக இட்டார்கள். உரமே காணாத துண்டு இத்தனை தலைமுறை கடந்தும் ஹெக்டருக்குச் சுமார் 1 டன் மணி கொடுத்துக்கொண்டிருக்கிறது. மூன்று சத்தும் முறையாகப் பெறும் துண்டுகள் அதைப்போல் பல மடங்கு கொடுக்கின்றன. மற்றச் சத்துகளை எவ்வளவு கொடுத்தாலும் சாம்பல்சத்தை நிறுத்திவிட்ட துண்டு, சேர்த்துக் கொடுத்த துண்டுக்குப் பின்தங்கிவிடுகிறது. ஓராண்டில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. களிமண் நிலமாதலால் மண் தன்னிடமிருந்த இருப்பைக் கொஞ்சங் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தது. இருப்பு குறையக் குறையத்தான் விளைச்சலில் குறை தெரிந்தது.

சாம்பல்சத்து பயிருக்குள் போய் என்ன வேலை செய்கிறது? மாவுச்சத்து, புரதம் போல இது பயிரின் உடம்பாக மாறிவிடுவதில்லை. சாற்றிலேயே கரைந்து நின்று வேலை செய்கிறது. இலையின் தோலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஒவ்வொரு துளைக்கும் இருபுறமும் இரண்டு காவல் செல்கள் கதவுபோல் நிற்கின்றன. பொட்டாசியம் அந்தச் செல்களுக்குள் புகுந்தால் பின்னாலேயே தண்ணீரும் புகும், செல்கள் உப்பி வளையும், துளை திறக்கும், கரியமில வாயு உள்ளே வரும். பொட்டாசியம் வெளியேறினால் செல்கள் தளர்ந்து துளை மூடிக்கொள்ளும். தண்ணீர் ஆவியாய்ப் போவது குறையும். சைக்கிள் டியூபில் காற்று ஏற்றினால் விறைப்பதும் இறக்கினால் தொய்வதும் போலத்தான். சாம்பல்சத்து போதாத பயிருக்கு இந்தக் கதவு ஒழுங்காகத் திறக்கவும் மூடவும் வராது. வறட்சி வந்தால் அதுவே முதலில் வாடும்.

இலையில் சமைத்த சர்க்கரை கதிருக்குப் போய்ச் சேரவும் சாம்பல்சத்து வேண்டும். அது குறைந்த கோதுமையில் மணி சிறுத்துச் சூம்பிப்போகும். தண்டும் பலமின்றி, காற்றடித்தால் பயிர் சாய்ந்துவிடும். குறைபாடு முதலில் தெரிவது கீழ் இலைகளின் நுனியிலும் ஓரத்திலும்தான்: மஞ்சளாகி, பிறகு தீய்ந்ததுபோல் பழுப்பாகும். செம்பனையில் கீழ் மட்டையில் தெரிவதும் கோதுமையில் கீழ் இலையில் தெரிவதும் ஒரே காரணத்தால்தான். கையிருப்பு குறைந்ததும் செடி, மூத்த இலையிலிருந்து சத்தை உருவி இளங்குருத்துக்குக் கொடுத்துவிடுகிறது. தாய் தன் வயிற்றைக் கட்டிப் பிள்ளைக்கு ஊட்டுவதுபோல என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் செடிக்கு அப்படி எண்ணமெல்லாம் கிடையாது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். நல்ல விளைச்சல் தரும் ஒரு ஹெக்டர் கோதுமை, மண்ணிலிருந்து 100 கிலோவுக்கு மேலேயே பொட்டாசியத்தை எடுத்துக்கொள்ளும். அதில் மணிக்குள் போவது சிறுபங்கு. பெரும்பங்கு வைக்கோலில் நின்றுவிடும். ஆகையால் வைக்கோலை வயலிலேயே விட்டால் மண்ணுக்குச் சத்து திரும்பும். வைக்கோலை அள்ளிப்போய் மாட்டுக்குப் போட்டு, அந்தச் சாணத்தை வரட்டியாக்கி அடுப்பில் எரித்து, சாம்பலைத் தெருவில் கொட்டினால் மண்ணுக்கு ஒன்றுமே திரும்பாது. வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பல ஊர்களில் நிகழ்வது இதுதான்.

இனி, இலைமேல் தெளிக்கும் கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு 1 பங்கு பொட்டாசிய உப்புக் கரைத்த நீரை ஹெக்டருக்கு 300 லிட்டர் தெளித்தால், பயிரின்மேல் விழும் உப்பு 3 கிலோ மட்டுமே. 100 கிலோ பசிக்கு 3 கிலோ எம்மாத்திரம்! அப்படியானால் தெளிப்பது வீண்தானா என்றால், அதுவும் இல்லை. தண்ணீர் பற்றாத வயலில் வேர் உறிஞ்ச முடியாமல் தவிக்கும்போது இலைவழியாகக் கொடுப்பது கைகொடுக்கும். பாகிஸ்தானில் செய்து 2012-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வறட்சிக்கு ஆளான கோதுமைக்குத் தூர் கட்டும்போதும், பூக்கும்போதும், மணி நிரம்பும்போதும் பொட்டாசியம் தெளித்துப் பார்த்தார்கள். மூன்று பருவத்திலும் பயன் இருந்தது. மணி நிரம்பும்போது தெளித்ததற்குப் பயன் கூடுதலாக இருந்தது. வயிறாரச் சோறு போடுவது மண்ணில் இடும் உரந்தான். இலையில் தெளிப்பது, காய்ச்சலில் கிடப்பவருக்கு ஊட்டும் கஞ்சி.

சரி, சத்தான பொட்டாசியம் அந்த அம்மாளின் கன்றுகளை ஏன் கருக்கியது? பொட்டாசியம் குளோரைடு சத்தாக இருந்தாலும் அதுவும் ஓர் உப்பே. கைப்பிடி அளவை இளங்கன்றின் வேருக்கு அருகே வைத்தால் மண்ணீர் கடும் உப்பு நீராகிவிடும். ஊறுகாய்க்கு உப்புப் போட்டால் மாங்காயிலிருந்து தண்ணீர் வெளியே வருகிறதல்லவா? அதேபோல் வேரிலிருந்து தண்ணீர் வெளியே இழுக்கப்படும். மண் ஈரமாக இருந்தும் கன்று தாகத்தால் மடியும்.

ஒரு வீட்டுக் கொல்லையில் 8 கன்றுக்கு நேர்ந்த இந்தத் துன்பம், சிந்து நதிப் பாசன நிலங்களில் லட்சக்கணக்கான ஏக்கருக்கு நேர்ந்தது. முன்பு லயால்பூர் என்றும், 1977 முதல் பைசலாபாத் என்றும் அழைக்கப்படும் நகரத்தைச் சுற்றியுள்ள நிலங்கள், ஆங்கிலேயர் காலத்தில் பெரிய கால்வாய்கள் வெட்டிப் பாலைநிலத்தைப் பயிர்நிலமாக்கியவை. கால்வாய் நீர் கசிந்து கசிந்து நிலத்தடி நீர் மேலேறியது. வெயிலில் நீர் ஆவியாயிற்று; அதிலிருந்த உப்பு மண்ணின் மேல் தங்கியது. இன்று அந்தப் பகுதிகளில் சில வயல்கள் மாவு தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். பைசலாபாத்தில் 1906-இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி, 1961-இல் பல்கலைக்கழகமாயிற்று. உப்பு நிலத்தில் கோதுமையை எப்படிப் பிழைக்க வைப்பது என்ற ஆராய்ச்சி அங்கே பெருகியதற்குக் காரணம், வாசலைத் திறந்தாலே அந்தத் துன்பம் கண்ணில் படுவதுதான். இந்தியாவும் 1969-இல் இதற்கென்றே ஹரியானாவின் கர்னால் நகரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தது.

உப்பு நிலத்தில் நீரிழப்பு மட்டுமா? இன்னொரு தொல்லையும் உண்டு. சமையல் உப்பில் இருக்கும் சோடியமும் பொட்டாசியமும் அக்காள் தங்கை போன்றவை. வேருக்கு இரண்டையும் பிரித்தறிவது கடினம். மண்ணில் சோடியம் மிகுந்தால், பொட்டாசியம் நுழைய வேண்டிய வழியில் சோடியம் நுழைந்துவிடும். உள்ளே வந்த சோடியம் பொட்டாசியத்தின் வேலையைச் செய்யாது. செய்ய வந்ததையும் தடுக்கும். இதனால்தான் உப்பு நிலத்துக் கோதுமைக்குச் சாம்பல்சத்து கூடுதலாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள். அங்கேயும் நம் சிவப்பு மூட்டையைவிடப் பொட்டாசியம் சல்பேட்டை விரும்புவார்கள். ஏற்கெனவே உப்பில் தவிக்கும் மண்ணில் மேலும் குளோரைடைக் கொட்டுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதாகும் அல்லவா?

இப்போது வைட்டமின் சிக்கு வருவோம். ஹங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1928-இல் இப்பொருளைப் பிரித்தெடுத்தார். அப்போது அது வைட்டமின் என்று அவருக்கே தெரியாது. 1932-இல்தான் அது தெளிவாயிற்று. ஆராய்ச்சிக்கு நிறைய வேண்டியிருந்தது, கிடைக்கவில்லை. ஒரு நாள் இரவு உணவில் மனைவி குடைமிளகாய் வைத்தாராம். அதைத் தின்ன விருப்பமில்லாமல், “சோதித்துப் பார்க்கிறேன்” என்று ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய்விட்டார். பார்த்தால் மிளகாயில் வைட்டமின் சி குவிந்து கிடந்தது! 1937-இல் நோபல் பரிசு பெற்றார். அவரே பின்னாளில் சொன்ன கதை இது. ஆக, மிளகாய்ச் செடி வைத்திருக்கும் நம் அம்மாள், வைட்டமின் சி தொழிற்சாலை ஒன்றைக் கொல்லையில் வைத்துக்கொண்டே, அதை விலைக்கு வாங்கவா என்று கேட்டிருக்கிறார்.

நாம் இதனைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. விஷயமே இதுதான். மனிதனும் குரங்கும் கினிப்பன்றியும் தமக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தம் உடம்பில் உண்டாக்கிக்கொள்ள இயலாதவர்கள். ஆடு, மாடு, நாய் உண்டாக்கிக்கொள்ளும். பச்சைச் செடிகள் அனைத்தும் உண்டாக்கிக்கொள்ளும். சர்க்கரையிலிருந்து படிப்படியாக எப்படி உண்டாக்குகின்றன என்பதை 1998-இல் இங்கிலாந்தின் எக்ஸெடர் பல்கலைக்கழகத்தார் விளக்கினார்கள். கோதுமையின் பச்சை இலையிலும் வைட்டமின் சி நிறைய உண்டு. உலர்ந்த மணியில் ஏறக்குறைய இல்லை. மணியை ஊறவைத்து முளைக்கவிட்டால் மீண்டும் தோன்றும். பச்சைப் பயறு தௌகேயாக முளைக்கும்போது நிகழ்வதும் இதே மாற்றந்தான்.

செடிக்கு வைட்டமின் சி எதற்கு? இலை வெயிலைப் பிடித்துச் சமைக்கும்போது, அடுப்பில் தீப்பொறி தெறிப்பதுபோல், சில நச்சுப் பொருள்களும் உண்டாகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றுள் ஒன்று. புண்ணைக் கழுவ ஊற்றினால் நுரை பொங்குமே, அதே பொருள். இலைக்குள் அது மிகுந்தால் பச்சையத்தையும் செல்லின் சவ்வையும் அரித்துவிடும். வைட்டமின் சி அதனைத் தணித்து வெறும் தண்ணீராக்கிவிடுகிறது. அந்த வேலையில் செலவான வைட்டமினைச் செடி மறுபடியும் புதுப்பித்துக்கொள்கிறது. இந்தச் சுழற்சியை 1976-இல் இங்கிலாந்தில் ஃபோயர், ஹாலிவெல் என்ற இருவர் எடுத்துக்காட்டினார்கள். ஜப்பானிய அறிஞர் ஆசாடாவும் இதில் பெரும்பணி செய்தவர்.

சாதாரண நாளில் செடியின் சொந்தக் கையிருப்பே போதும். வறட்சியோ உப்போ வந்தால்தான் சிக்கல். இலைத்துளை மூடிக்கொள்ளும், கரியமில வாயு உள்ளே வராது, ஆனால் வெயிலோ அடித்துக்கொண்டேயிருக்கும். அடுப்பு எரிகிறது, பானையில் அரிசி இல்லை என்ற நிலை. அப்போது தீப்பொறி அதிகமாகும். கையிருப்பு வைட்டமின் சி கரையும். வெளியிலிருந்து கொஞ்சம் கொடுத்தால் உதவுமா என்ற கேள்வி இப்படித்தான் பிறந்தது.

2008-இல் வெளியான ஒரு பாகிஸ்தான் ஆராய்ச்சியில், உப்பைத் தாங்கும் வகை ஒன்று, அவ்வளவாகத் தாங்காத வகை ஒன்று என இரண்டு கோதுமைகளைச் சத்து நீரில் வளர்த்தார்கள். சிலவற்றின் நீரில் சமையல் உப்பைச் சேர்த்தார்கள். லிட்டருக்கு 50 மில்லிகிராம், 100 மில்லிகிராம் என்று வைட்டமின் சியும் கலந்து கொடுத்தார்கள். உப்பினால் வந்த வளர்ச்சிக் குறைவு ஓரளவு நீங்கியது. விதையை வைட்டமின் சி நீரில் ஊறவைத்து விதைப்பது, இலையில் தெளிப்பது என்று வேறு முறைகளையும் பிறகு சோதித்தார்கள். பயன் இருந்தது என்று சொல்லும் கட்டுரைகள் பல உண்டு.

ஆனால், நேயர்களே, மேலே கூறியதில் மூன்று சொற்களை மீண்டும் கேளுங்கள்: உப்பு, சத்து நீர், ஓரளவு. அது வயல் அன்று. கரைசல் நீரில் நின்ற இளம்பயிர். உப்புக் கொடுமைக்கு ஆளானபோது கிடைத்த உதவி அது. அந்தச் சத்து நீரில் பொட்டாசியம் முதலான எல்லாச் சத்துகளும் ஏற்கெனவே அளவாக இருந்தன. வைட்டமின் சி எந்தச் சத்துக்கும் பதிலாக நிற்கவில்லை. சத்துகளுக்கு மேலே கொடுக்கப்பட்டது. “இதைத் தெளித்தால் உரமே வேண்டாம்” என்ற பேச்சுக்கு இந்த ஆராய்ச்சியில் இடமே கிடையாது.

வைட்டமின் சி கரைசலை வைத்திருப்பதிலும் சிக்கல் உண்டு. காற்றும் வெளிச்சமும் பட்டால் அது கெட்டுவிடும். இரும்போ செம்போ சிறிது கலந்திருந்தாலும் இன்னும் விரைவாகக் கெடும். ஆராய்ச்சியாளர்கள் அன்றன்றைக்குக் கரைத்து அன்றைக்கே தெளிக்கிறார்கள். கடையின் வெயிலில் பல மாதம் நின்ற போத்தலில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பணக் கணக்கும் இருக்கிறது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் வீதம் 300 லிட்டர் தெளித்தால், ஒரு ஹெக்டருக்கே 30 கிராம் வைட்டமின் சி போதும். கொல்லையில் நாலு செடிக்கு வேண்டியது மிகச் சொற்பம். 35 வெள்ளி எதற்கு?

இடையிலே ஒரு செய்தி. கோதுமைக்கும் வைட்டமின் சிக்கும் இன்னோர் உறவு மாவு ஆலையிலும் ரொட்டிக் கூடத்திலும் உண்டு. மாவில் மிகச் சிறிதளவு வைட்டமின் சி கலந்தால் பிசைந்த மாவு உறுதியாகி ரொட்டி நன்றாக உப்பும். கடையில் வாங்கும் ரொட்டியின் உறையில் இ300 என்று போட்டிருந்தால் அது இந்த வைட்டமின்தான். ஆனால் சுடும்போது சூட்டில் அது அழிந்துவிடும். ஆகவே பிள்ளைகளுக்கு வைட்டமின் சி வேண்டுமென்றால் ரொட்டியை நம்பாமல் கொய்யாப்பழத்தைக் கொடுங்கள். கோதுமை வயலில் தெளித்த வைட்டமினும் சப்பாத்தி வரைக்கும் வந்து சேராது.

உப்பு நிலத்துக் கோதுமையைக் காக்கும் பெரிய வழி எது என்று கேட்டால், நம் கருத்தில் அது போத்தலில் இல்லை, விதையில் இருக்கிறது. ராஜஸ்தானத்து உப்பு நிலங்களில் உழவர்கள் பரம்பரையாகப் பயிரிட்ட கார்ச்சியா என்ற கோதுமை உப்பைத் தாங்கி விளையும். கர்னாலில் புதிய வகைகளை உண்டாக்க அதனைத் தாயாகப் பயன்படுத்தினார்கள். ஆஸ்திரேலியாவில் ரானா மன்ஸ் என்ற பெண் அறிஞரும் அவர் குழுவினரும், பழைய கோதுமை இனம் ஒன்றிலிருந்த மரபணுவைச் சேமியா, மாக்கரோனி செய்யப் பயன்படும் துரும் கோதுமைக்குக் கலப்பு முறையில் கொண்டுவந்தார்கள். அது சோடியத்தை வேரிலேயே தடுத்து, இலைக்குப் போகவிடாமல் காக்கிறது. உப்பு மிகுந்த வயலில் அந்தக் கோதுமை 25 விழுக்காடு வரை கூடுதல் மணி கொடுத்தது என்று 2012-இல் அறிவித்தார்கள்.

அந்த அம்மாளுக்கு நாம் எழுதிய பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். போத்தலை வாங்கவேண்டாம், ஆசை தீரவில்லையென்றால் வைட்டமின் சி மாத்திரையே போதும் என்று எழுதினோம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை 5 லிட்டர் நல்ல தண்ணீரில் கரைத்தால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஆகிவிடும். மாலை வேளையில் இரண்டு செடிக்கு அதைத் தெளியுங்கள்; பக்கத்தில் அதே வயதுள்ள இரண்டு செடிக்கு வெறும் தண்ணீரைத் தெளியுங்கள்; நான்குக்கும் உரமும் தண்ணீரும் ஒன்றுபோல் கொடுங்கள்; காயை எண்ணி எழுதி வையுங்கள் என்றோம். பக்கத்தில் தெளிக்காத செடி இல்லாமல் செய்யும் சோதனை சோதனையே அன்று. பிராட்பால்க்கில் ஒன்றுமே போடாத அந்தத் துண்டு இல்லையென்றால், மற்றத் துண்டுகளிலிருந்து எவரும் எதையும் கற்றிருக்க முடியாது.

சிவப்பு உரத்துக்கு வேறு புத்தி சொன்னோம். கன்று நன்றாக வேர் பிடித்த பிறகு, ஒரு தேக்கரண்டிக்குக் குறைவாக, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகத் தூவி, மண்ணால் மூடி, தண்ணீர் ஊற்ற வேண்டும். இதைச் சமையலறையில் மட்டும் வைக்கவே கூடாது. பார்ப்பதற்குக் கல் உப்புப் போலவே இருக்கும்; வெள்ளையாகவும் ஒரு வகை உண்டு. தவறி உணவில் சேர்ந்தால் நெஞ்சத் துடிப்பையே பாதிக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பழைய பால் டின்னில் போட்டு அலமாரியில் வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருப்பதை நாமே கண்டிருக்கிறோம்.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மாளிடமிருந்து மறுபடியும் கடிதம் வந்தது. கன்றுகள் கருகிய இடத்தில் நாலைந்து நாள் நிறையத் தண்ணீர் ஊற்றி உப்பை இறக்கிவிட்டு வெண்டை போட்டிருக்கிறாராம்; நன்றாக வந்திருக்கிறதாம். மிளகாய்க் கணக்கைப் பள்ளிக்கூடம் போகும் மகள் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறாள். மாத்திரை நீர் தெளித்த இரண்டு செடியில் 61 காய். வெறும் தண்ணீர் தெளித்த இரண்டு செடியில் 63 காய். தினந்தோறும் தண்ணீர் ஊற்றிய செடிகளுக்கு வைட்டமினால் வேலை இருக்கவில்லை. விற்பனைக்காரத் தம்பி மீண்டும் வந்தாராம். மகள் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாளாம். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒரு குவளைத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டாராம்.